இந்த இரண்டு பெட்டிகளின் முனைச்சுவர் எந்த வகை? (அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள், 1951 படங்கள்)

குகன் | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். நேற்று நியூஜெர்சியில் ஒரு பழம்பொருள் சந்தையில் காலணிப் பெட்டி நிறைய ரயில் படங்கள் கிடைத்தன. பெரும்பாலும் நீராவி எஞ்சின்கள். ஆனால் எனக்கு வேண்டியவை, எஞ்சினைப் படம் பிடித்தவர் தன்னையறியாமல் ஓரத்தில் சேர்த்துவிட்ட சரக்குப் பெட்டிகள்தாம். இரண்டு படங்களின் பின்னால் பென்சிலில் 1951 என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை.

படம் 1: முன்னால் நிற்கும் ஊழியர் ரயில்வேயின் பெயரை மிகச் சரியாக மறைத்துக்கொண்டு நிற்கிறார். முனைச்சுவர், அதாவது பெட்டியின் குறுகிய பக்கத்தை அடைக்கும் சுவர், மட்டும் முழுதாகத் தெரிகிறது. அதில் கிடைமட்டமாக ஒன்பது புடைப்புகள். நடுவில் பருத்து, இரு ஓரங்களிலும் மெலிகின்றன. பக்கச்சுவரின் கீழே 6-49 என்று ஒரு தேதி இருக்கிறது. ஆக, 1949இல் கட்டிய பெட்டி என்று நினைக்கிறேன்.

படம் 2: பக்கச்சுவர் இரும்பு. முனைச்சுவர் கொட்டகைக் கூரைத் தகடு மாதிரி ஒரே சீரான நெளிவு. எண்ணினால் பதினைந்து வருகிறது. நெளிவுகள் உள்நோக்கிக் குழிந்தவை போலத் தோன்றுகின்றன.

எச்ஓ அளவில், அதாவது 1:87இல், இரண்டையும் சிறு மாதிரி வண்டிகளாகச் செய்ய ஆசை. எங்கள் ஊர் மாதிரி ரயில் கழகத்தில் ஒரு பெரியவர், "இரண்டும் 1937ஆம் ஆண்டுப் பொது வடிவமைப்பின்படி செய்த இரும்புப் பெட்டிகள், கடையில் கிடைக்கும் ஒரே கிட்டை (பாகங்களை ஒட்டிச் செய்யும் தொகுப்பு) இரண்டு வாங்கினால் போதும்" என்றார். சரிதானா?

சிகாகோ வாசு | ஞாயிறு, இரவு 9:40

சரியென்றே தோன்றுகிறது. நாற்பது அடி, இரும்புப் பக்கம், இரும்பு முனை. 1951இல் அமெரிக்காவில் எந்த யார்டில் நின்று பார்த்தாலும் இதுதான் தெரிந்திருக்கும். முனையில் எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டிருந்தால் பெட்டி தண்டவாளம் ஏறாது.

பழைய இரும்பு | திங்கள், காலை 6:05

குகன் தம்பி, கத்தியை எடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருக்கின்றன.

முதலில், முனைச்சுவர் எதற்கு இரும்பானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றது தானாக விளங்கும். பக்கச்சுவருக்குப் பெரிய அடி விழாது. முனைச்சுவருக்கு விழும். வண்டி சட்டென்று நின்றாலோ, யார்டில் பெட்டியை உருட்டிவிட்டு இன்னொன்றில் மோதவிட்டாலோ, உள்ளே இருக்கும் மரக்கட்டையோ கோதுமையோ முன்னால் பாய்ந்து முனைச்சுவரில் மோதும். மரப்பலகை முனைகள் அப்படித்தான் பிளந்தன. 1910களில் ரயில்வேக்கள் அழுத்திய இரும்புத் தகட்டுக்கு மாறத் தொடங்கியது அதனால்தான். தட்டைத் தகடு அடி வாங்கினால் உப்பிக்கொள்ளும். நெளிவு போட்டால் அதே கனத் தகடு பல மடங்கு விறைப்பாக நிற்கும்.

இதில் பெரிய பெயர் ஸ்டாண்டர்ட் ரயில்வே எக்விப்மென்ட் நிறுவனம். அதன் தலைவர் வால்டர் பி. மர்ஃபி. மர்ஃபி முனை, மர்ஃபி கூரை என்று பழைய வரைபடங்களில் பார்ப்பீர்கள். (நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரி இவர் பணத்தில் எழுந்தது. அங்கே படித்த நம்மவர்கள் பலருக்கு அது சரக்குப் பெட்டி முனையில் சம்பாதித்த பணம் என்று தெரியாது.)

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முனைச்சுவர் வெளியில் வாங்கிப் பொருத்திய பாகம். ஒரே முனை பத்து ரயில்வேக்களின் பெட்டிகளில் இருக்கும். ஒரே ரயில்வேயில் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு தொகுதிகளில் இரண்டு வகை முனை இருக்கும். ஆகவே முனை உங்களுக்கு யாருடைய பெட்டி என்று சொல்லாது. எப்போது கட்டியது, எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லும்.

உங்கள் படம் 1 'டிரெட்நாட்' முனை. 1920களின் நடுவில் வந்தது. புடைப்பு நடுவில் பருத்திருப்பது அழகுக்காக அல்ல. இரண்டு மூலைத் தூண்களுக்கு நடுவே அது ஓர் உத்தரம் போல வேலை செய்கிறது. வளைவு அதிகம் விழுவது நடுவில்தான். ஓரத்தில் புடைப்பு மெலியும்போது இடைவெளி விரிகிறது அல்லவா? அந்த இடைவெளியில் ஈட்டிமுனை போலச் சிறு புடைப்புகள் செருகியிருக்கும். உங்கள் படத்தில் தெரிகிறதா பாருங்கள்.

மூன்று கேள்விகள். ஒன்று, ரிவெட் வரிசை ஓடும் கிடைமட்ட இணைப்புக் கோடு எங்கே இருக்கிறது? இரண்டு, மூலை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா? மூன்று, படம் 2இல் அத்தகைய இணைப்புக் கோடுகள் எத்தனை?

குகன் | திங்கள், காலை 7:30

ஐயா, மிக்க நன்றி. அலுவலகம் போகும் அவசரத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். படம் 1இல் ஈட்டிமுனைகள் இருக்கின்றன! இணைப்புக் கோடு ஒன்றுதான். மேலே நான்கு, கீழே ஐந்து புடைப்பு. மூலை கத்திபோல் கூர்மை. படம் 2இல் இரண்டு கோடுகள். அதாவது மூன்று தகடுகள்.

பழைய இரும்பு | திங்கள், காலை 8:15

மூன்று தகடு, தகட்டுக்கு ஐந்து நெளிவு. எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் படம் 1ஐ முடித்துவிட்டு அங்கே போகலாம்.

டிரெட்நாட் முனையைக் குறிக்கும்போது மேல் தகட்டின் எண்ணிக்கையை முதலில் எழுதுவது வழக்கம். உங்களுடையது 4/5. பெட்டி உயர உயர, ஒவ்வொரு படியிலும் ஒரு புடைப்பு கூடிக்கொண்டே வந்தது. அமெரிக்க ரயில்வே கழகத்தின் 1932 மாதிரியில் உட்புற உயரம் பெரும்பாலும் 9 அடி 4 அங்குலம். முனை பொதுவாக 4/4. அந்தக் கழகம் 1934இல் அமெரிக்க ரயில்வேக்கள் சங்கமாக மாறிய பிறகு வந்த 1937 மாதிரியில் உயரம் 10 அடி, முனை 4/5. அதையே 10 அடி 6 அங்குலத்துக்கு உயர்த்தியபோது பெரும்பாலும் 5/5. எட்டு, ஒன்பது, பத்து. இது ஒன்று நினைவில் இருந்தால் போதும், போருக்கு முந்தைய டிரெட்நாட்டில் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது மூலை. 1940ஐ ஒட்டி டபிள்யூ எழுத்து வடிவக் குறுக்குவெட்டுள்ள மூலைத் தூண் வந்தது. அதனுடன் முனைத் தகட்டின் மூலை உருண்டது. கூர் மூலை என்றால் அதற்கு முன். ஆகவே உங்கள் முதல் பெட்டி 1937க்கும் 1940களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. 1949 அல்ல.

சிகாகோ வாசு | திங்கள், பகல் 12:20

ஆனால் பெட்டியிலேயே 6-49 என்று எழுதியிருக்கிறதே! எழுத்தைவிடப் புடைப்பை நம்ப வேண்டுமா?

ஹாமில்டன் செல்வி | திங்கள், பகல் 12:55

வாசு அண்ணா, அது கட்டிய தேதி அல்ல, எடை போட்ட தேதி. வெற்றுப் பெட்டியின் எடையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பார்த்து, பழைய எண்ணின் மேல் வண்ணம் பூசி, புதிய எடையையும் தேதியையும் எடை போட்ட இடத்தின் குறியீட்டையும் எழுதுவார்கள். புதிதாகக் கட்டிய பெட்டியானால் இடக் குறியீட்டுக்குப் பதில் 'நியூ' என்று இருக்கும். கட்டிய தேதி தனியாக, 'பில்ட்' என்பதன் சுருக்கத்தோடு வேறிடத்தில் இருக்கும். குகன், 6-49க்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது?

குகன் | திங்கள், மாலை 6:48

செல்வி அக்கா, இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. 'நியூ' இல்லை. படத்தை 1200 புள்ளி அடர்த்தியில் மறுபடி ஸ்கேன் செய்தேன். வலது கீழ்ப் பக்கம், ஊழியரின் முழங்கைக்குப் பின்னால் பாதி மறைந்து 'பில்ட்' சுருக்கமும் 11-38 என்பதும் தெரிகின்றன. கை நடுங்கிவிட்டது.

பழைய இரும்பு | திங்கள், மாலை 7:02

வாசு, புடைப்பை நம்பலாம்.

சிகாகோ வாசு | திங்கள், மாலை 7:10

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு அங்குல உயர வேறுபாடு 1:87இல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். மூன்றடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியுமா?

ஹாமில்டன் செல்வி | திங்கள், இரவு 8:30

தனியாக வைத்தால் தெரியாது. பத்துப் பெட்டிகளைக் கோத்துப் பாருங்கள். கூரைகள் ஒரே கோட்டில் ஓடினால் உடனே பொம்மை என்று தெரிந்துவிடும். உண்மையான வண்டியில் கூரைக் கோடு ஏறி இறங்கி ஓடும். 1951இல் 9 அடிப் பெட்டியும் பத்தரை அடிப் பெட்டியும் ஒரே வண்டியில் போயின.

மரப்பக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் பட்ட அவமானம் அது. வெளியே இரும்புச் சட்டம் தெரிய, உள்ளே மரப்பலகை அடித்த ஒரு பெட்டியை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நடுவர், "1925ஐச் சேர்ந்த பெட்டிக்கு இந்தக் காலத்து முனையை ஒட்டியிருக்கிறீர்கள்" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அது போர்க்காலப் பெட்டி! இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பக்கச்சுவரை மீண்டும் மரத்தில் செய்தார்கள். ஆனால் முனைச்சுவரை மட்டும் இரும்பிலேயே விட்டார்கள், டிரெட்நாட்டாகவே. பக்கச்சுவரைப் பார்த்து வயது சொன்னவர், முனையைப் பார்த்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

எங்கள் ஊரில் நேஷனல் ஸ்டீல் கார் நிறுவனம் தனக்கென்று தனி முனை வைத்திருந்தது. கனடியப் பெட்டிகளில் அதைப் பார்த்துவிட்டு டிரெட்நாட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் புல்மேன்-ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947இல் தொடங்கிய பிஎஸ்-1 பெட்டிகளும் அப்படியே: முனையும் சொந்தம், கூரையும் சொந்தம். கூரைத் தகட்டில் போ-டை (வண்ணத்துப்பூச்சி போன்ற கழுத்து முடிச்சு) வடிவம் அழுத்தியிருந்தால் அது பிஎஸ்-1 தான்.

குகன் | திங்கள், இரவு 9:05

போருக்குப் பிந்தைய டிரெட்நாட் எப்படி இருக்கும்? என் காலணிப் பெட்டியில் இன்னும் நூறு படங்கள் இருக்கின்றன, முன்னெச்சரிக்கையாகக் கேட்கிறேன்.

பழைய இரும்பு | திங்கள், இரவு 9:31

பூரிக்கட்டை போல. சொல்லுக்குச் சொல் அதுதான்: நடுவில் ஒரே பருமனாக ஓடி, இரு நுனியிலும் சட்டென்று குறுகிக் கைப்பிடி போல முடியும். ஈட்டிமுனைகள் போய்விட்டன. 'மேம்பட்ட டிரெட்நாட்' என்று பெயர். எண்ணிக்கையும் குறைந்தது, பத்தரை அடி உயரத்துக்கே 4/4, பிறகு மேலே ஒரு மெல்லிய செவ்வகப் புடைப்பும் அதன் கீழ் 3/4ம். நீங்கள் 1951ஐச் செய்கிறீர்கள். அந்த ஆண்டில் இவை புத்தம் புதுப் பெட்டிகளில் இருந்தவை, வண்ணம் மங்காமல் பூசுங்கள்.

பழையதில் ஒன்றையும் மறக்க வேண்டாம். பென்சில்வேனியா ரயில்ரோட்டின் எக்ஸ்29 வகைப் பெட்டிகளில் 1924இலிருந்து முதலில் வந்தவற்றுக்கு முனை வெறும் தட்டைத் தகடுதான், ரிவெட் வரிசை மட்டும் தெரியும். பின்னால் வந்தவற்றுக்கு டிரெட்நாட். நியூஜெர்சிப் படங்கள் என்றால் எக்ஸ்29 இல்லாமல் இருக்கவே இருக்காது.

குகன் | செவ்வாய், காலை 7:15

இப்போது படம் 2. இரவெல்லாம் தூக்கமில்லை. குழிந்த நெளிவு என்று தேடினேன், ஒன்றும் பிடிபடவில்லை.

பழைய இரும்பு | செவ்வாய், காலை 7:40

குழிவு என்று யார் சொன்னது? கண் ஏமாற்றும். நெளிவுத் தகட்டின் படத்தைப் பார்த்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறித் தோன்றும். ஏணிப் படியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வெயில் மேலிருந்து வந்தால், வெளியே புடைத்த நெளிவுக்குக் கீழ்ப்பக்கம் இருண்டிருக்கும். உள்ளே குழிந்ததற்கு மேல்பக்கம் இருண்டிருக்கும்.

குகன் | செவ்வாய், காலை 7:52

கீழ்ப்பக்கம் இருட்டு. வெளியே புடைத்தவைதாம். மன்னிக்கவும்.

பழைய இரும்பு | செவ்வாய், காலை 8:20

மன்னிப்பெல்லாம் வேண்டாம், நான் இதே தவற்றை மூன்று முறை செய்திருக்கிறேன்.

வெளியே புடைத்த நெளிவு, மூன்று தகடு, 5-5-5. இது மர்ஃபி முனை. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டதே, 1917 டிசம்பர் முதல் 1920 மார்ச் வரை? அப்போது, 1918இல், அந்த நிர்வாகம் எல்லா ரயில்வேக்களுக்கும் பொதுவாகச் சரக்குப் பெட்டி மாதிரிகளை வரைந்தது. நாற்பது டன் சுமக்கும் பெட்டிக்கு உள்ளும் புறமும் பலகை அடித்த மரச்சுவர். ஐம்பது டன் பெட்டிக்கு வெளியே சட்டம் தெரியும் ஒற்றை மரச்சுவர். முன்னதில் 24,500, பின்னதில் 25,000 கட்டினார்கள். இரண்டுக்கும் முனை இந்த 5-5-5.

சிகாகோ வாசு | செவ்வாய், காலை 9:10

இங்கேதான் இடிக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டுக்கும் பக்கச்சுவர் மரம். குகனின் பெட்டிக்கு இரும்பு. ஏதோ ஒரு ரயில்வே பிற்காலத்தில் பழைய பாணி முனையை மலிவாக வாங்கிப் புதுப் பெட்டியில் பொருத்தியிருக்கக் கூடாதா?

பழைய இரும்பு | செவ்வாய், காலை 9:45

நல்ல கேள்வி. வாசுவிடமிருந்து இந்த இழையில் வந்த முதல் நல்ல கேள்வி. குகன், மூன்று இடங்களைப் பாருங்கள். முனைச்சுவரின் மேல் விளிம்பில், கூரைக்குக் கீழே நெளிவில்லாத தட்டைப் பட்டை இருக்கிறதா? பக்கச்சுவரின் அடியில், சுவருக்கு உள்ளே தள்ளி ஒரு சட்டமும் அதிலிருந்து வெளியே நீளும் சிறு தாங்கிகளும் தெரிகின்றனவா? பெட்டியின் அடியில் நடுச்சட்டம் நேராக இருக்கிறதா, மீன் வயிறு போல நடுவில் தொங்குகிறதா?

குகன் | செவ்வாய், இரவு 8:58

பட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும், ஒற்றை ரிவெட் வரிசையோடு. தாங்கிகள் இருக்கின்றன, ஐந்து எண்ண முடிகிறது. அடியில் நல்ல இருட்டு, ஆனால் பின்னால் உள்ள வெளிச்சத்தில் நடுச்சட்டத்தின் கீழ் விளிம்பு தெரிகிறது. தொங்குகிறது, ஐயா. மீன் வயிறேதான்.

பழைய இரும்பு | செவ்வாய், இரவு 9:20

அப்படியானால் அது புதுப் பெட்டியே அல்ல. 1918 மாதிரி நாற்பது டன் பெட்டி, மறுபிறவி எடுத்தது.

மரப்பக்கம் உளுத்துப்போன பிறகும் அடிச்சட்டமும் இரும்பு முனையும் நன்றாக இருந்தன. அவற்றை எறிய எந்த ரயில்வேக்கு மனம் வரும்? குறிப்பாக 1930களில், கையில் காசில்லாத காலத்தில். பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு, பழைய பக்கச் சட்டத்துக்கு வெளியே தாங்கி வைத்து இரும்புச் சுவரைப் பொருத்தினார்கள்; உள் அகலம் கூடியது. கூரையை உயர்த்தினார்கள், முனைச்சுவர் எட்டவில்லை, மேலே ஒரு பட்டை ஒட்டினார்கள். நீங்கள் உள்ளங்கை அகலம் என்று சொன்னது அதுதான். மீன் வயிற்று நடுச்சட்டம் நாற்பது டன் பெட்டியின் அடையாளம். புதுப் பெட்டிக்குப் பழைய முனையை வாங்கியிருந்தால், வாசு, சரியான உயரத்தில் வாங்கியிருப்பார்கள். பட்டைக்கு வேலை இருந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை மட்டும். மோதலில் ஒரு முனை நசுங்கினால் பணிமனையில் கையில் கிடைத்த வேறு வகை முனையைப் பொருத்துவதும் உண்டு. பிரேக் சக்கரம் உள்ள முனையை மட்டும் பார்த்துவிட்டு மறுமுனையும் அதேதான் என்று சத்தியம் செய்யாதீர்கள்.

சிகாகோ வாசு | செவ்வாய், இரவு 9:33

சரணடைந்தேன். நாளை என் அலமாரியில் உள்ள பதினான்கு பெட்டிகளின் முனையையும் பார்க்கப் போகிறேன். இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

ஹாமில்டன் செல்வி | செவ்வாய், இரவு 9:50

குகன், கடையில் கிட் தேடும்போது 1918 மாதிரி மறுகட்டுமானப் பெட்டி என்று கேளுங்கள், இரும்புப் பக்கத்தோடு அதே 5-5-5 முனை எச்ஓவில் வந்திருக்கிறது. முதல் படத்துக்கு 1937 மாதிரி, 10 அடி உயரம், கூர் மூலை. பெட்டியின் அட்டையில் 10 அடி 6 அங்குலம் என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எந்த ரயில்வே என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ரயில்வேயின் சுருக்கப் பெயரும் எண்ணும் முனைச்சுவரிலும் எழுதியிருப்பார்கள். படம் 2இல் மேல் தகட்டில் ஏதாவது தெரிகிறதா? எண் கிடைத்தால் அந்தக் காலத்து ரயில்வே உபகரணப் பதிவேட்டில் எண் தொடரையும் உட்புற உயரத்தையும் பார்க்கலாம். முனை வகையைப் பதிவேடு சொல்லாது, உயரத்தைச் சொல்லும். உயரத்திலிருந்து முனைக்கு வரலாம் என்று ஐயா ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டாரே.

குகன் | புதன், இரவு 10:15

எழுத்து இருக்கிறது, நெளிவின் மேல் எழுதியதால் அலை அலையாகத் தெரிகிறது. கடைசி இரண்டு எண்கள் 47. அதற்கு முன்னால் கரி படிந்திருக்கிறது. கரியை விலக்க ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பெட்டிக்கு முனையை இன்று வெட்டிவிட்டேன். 4/5, கூர் மூலை, ஈட்டிமுனைகள் உட்பட. தயவுசெய்து ஏணிக்கு எத்தனை படி என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அது தெரியவில்லை, ஊழியரின் தொப்பி மறைக்கிறது.

பழைய இரும்பு | வியாழன், காலை 6:01

ஏழு. தொப்பிக்கு மேலே மூன்று, கீழே மூன்று, நடுவில் ஒன்றுக்கு மட்டுமே இடம். மேலிருந்து இரண்டாவது படி வளைந்திருக்கிறது, அதையும் வளைத்துவிடுங்கள்.